பொழுதுபோக்குப் பகுதி என்றால் ராட்டினமா?

கேள்வி: அமெரிக்காவில் என் மகன் வசிக்கும் ஊர்ப் பக்கத்துக் காட்டை 'தேசியப் பொழுதுபோக்குப் பகுதி' ஆக்கும் யோசனை இருக்கிறதாம். காடு என்ன ஆகும்?

பதில்: ராட்டினம், பஞ்சுமிட்டாய் எல்லாம் வராது, பயப்படாதீர்கள். பெயர்தான் அப்படி. தேசியப் பூங்காவைவிடக் கெடுபிடி குறைவு. மான் வேட்டை, மாடு மேய்ச்சல்கூட விதிகளுக்கு உட்பட்டுத் தொடரலாம்.

ஐடஹோ மாநிலத்தின் சாடூத் மலைப்பகுதியைப் பாருங்கள். 1960களின் கடைசியில் அங்கே காசில் பீக் சிகரத்தின் அடியில் மாலிப்டினம் தோண்ட ஒரு சுரங்க நிறுவனம் வந்தது. அதை எதிர்த்துப் பேசிய சிசில் ஆண்ட்ரஸ் 1970 தேர்தலில் ஜெயித்து ஆளுநரானார். 1972இல் சட்டம் வந்தது: 7 லட்சம் ஏக்கருக்கு மேல் பொழுதுபோக்குப் பகுதி, புதிதாகச் சுரங்க உரிமை கோர முடியாது. நிர்வாகம் வனத்துறையிடமே.

எனக்குப் பிடித்தது பண்ணையாளர்கள் விஷயம். பட்டா அவர்கள் பெயரிலேயே இருக்க, கண்டபடி கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் பலரிடம் அரசு காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. நம் ஊரில் இப்படி ஒரு பத்திரம் எழுதினால் சார்பதிவாளர் மயங்கி விழுவார்!

சாடூத்தில் நடந்ததே எல்லா ஊரிலும் நடக்கும் என்றில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சட்டம். பெயரை விட்டுவிட்டு, மசோதாவில் சுரங்கம் பற்றிய பிரிவை முதலில் படிக்கச் சொல்லுங்கள் மகனை.