பஃபிங் தூசியும் செம்பு வார்ப்பும்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கம்ப்யூட்டரைக் கெடுப்பது வைரஸ் இல்லை, தோல் தூசி. பஃபிங் செக்‌ஷனிலிருந்து பறந்து வரும் நாரிழை, மண் தூசி மாதிரி ஊதினால் போய்விடாது. எண்ணெய்ப் பசையோடு ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் அப்பிக்கொள்ளும். ப்ளோயர் அடித்தால் மேலே உள்ளது போகும், அடியில் உள்ளது இன்னும் இறுகும். மே மாதம் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவதும் இதோடு சேர்ந்தால், டிசைன் ரூம் மெஷின் மத்தியானம் இரண்டு மணிக்குத் தானாக அணைவதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு நான் கண்ட வழி, பெட்டியை இறுக்கி மூடிவிட்டு, சில்லின் தலையில் தண்ணீர் ஓடும் செம்புக் கட்டியை உட்காரவைப்பது. ரேடியேட்டர் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும். ரேடியேட்டரிலும் தூசி படியும்தான். ஆனால் அதைக் கழற்றிக் குழாயடியில் கழுவலாம்.

புது ப்ராசஸருக்கு யாரும் செம்பு வார்க்க வேண்டாம். இந்தச் செம்புக் கட்டி, அதாவது வாட்டர் பிளாக், ரெடிமேடாகவே கிடைக்கிறது. இன்டெல் 115 வரிசை சாக்கெட்டுக்குத் துளைகள் 75 மி.மீ. சதுரம், எல்ஜிஏ 1700-க்கு 78, ஏஎம்4-க்கு 54-க்கு 90 என்று அளவெல்லாம் தெரிந்ததே. வார்ப்பு தேவைப்படுவது பழைய கட்டிங் மெஷின் கன்ட்ரோலர், கைவிடப்பட்ட சர்வர் போர்டு போன்றவற்றுக்குத்தான். துளை எந்த ஸ்டாண்டர்டிலும் சேராது. பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் துருத்திக்கொண்டு நிற்கும், அதற்கு இடம் விட்டு வளைய வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட உடலை முழுக்கட்டியிலிருந்து குடைந்தால் பாதிச் செம்பு சீவலாகப் போகும்.

வார்ப்பால் உடலைத்தான் செய்ய முடியும், உள்ளே இருக்கும் துடுப்புகளைச் செய்ய முடியாது. கடைப் பிளாக்கில் துடுப்பு அரை மில்லிமீட்டருக்கும் கீழே. மண் அச்சில் அந்த மெல்லிசு நிற்கவே நிற்காது. அதனால் உள்பக்கத்தை முழுச் செம்பாக விட்டு, பிறகு மில்லிங்கில் ஸ்லிட்டிங் ஸா போட்டு ஒரு மில்லிமீட்டர் பள்ளங்களாக அறுத்துக்கொள்கிறேன். அடித்தகடு 3 மி.மீ. இருந்தால் போதும்.

பேட்டர்ன் தேக்கில் செய்யலாம். செம்பு ஆறும்போது நீளத்தில் சுமார் 2 சதவீதம் சுருங்கும். அதற்குமேல் எல்லாப் பக்கமும் 3 மி.மீ. சீவலுக்கு விட வேண்டும். உள்மூலைகள் கூர்மையாக இருந்தால் வார்ப்பு அங்கேதான் விரிசல் விடும். பழைய பேட்டர்ன் ஆசாரிகள் அந்த மூலைகளில் தோல் பட்டை ஒட்டித்தான் வளைவு கொடுப்பார்கள். நம் ஊரில் கட்டிங் வேஸ்ட்டுக்கா பஞ்சம்? மெல்லிய லைனிங் தோலை முக்கோணமாகச் சீவி, பசை தடவி, உருண்டைக் குச்சியால் அழுத்தி, மேலே ஷெல்லாக் பூசினால் முடிந்தது. மிச்சத் தோலை மட்டும் உலையில் போடாதீர்கள். குரோம் தோல் எரிந்தால் அதிலுள்ள குரோமியம் நஞ்சாக மாறும்.

ராணிப்பேட்டை பக்கம் பம்பு, வால்வு பாகம் வார்க்கும் சின்னப் பட்டறைக்காரர்களுக்குக் கன்மெட்டல் என்ற வெண்கலக் கலவை தண்ணி பட்ட பாடு, தனிச் செம்பு என்றால் முகம் சுளிப்பார்கள். "கன்மெட்டல்னா சொன்னபடி கேக்கும் தம்பி. காப்பர் பால் மாதிரி பொங்கிடும்," என்றார் ஒரு மேஸ்திரி. அவர் சொன்னது அப்படியே உண்மை. உருகிய செம்பு காற்றிலிருக்கும் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் உறிஞ்சிக்கொள்ளும். உறையும்போது இரண்டும் நீராவியாகக் கிளம்பி, ரைசரின் வாயைப் புடைக்கவைக்கும். வெளியே பார்க்க நல்ல வார்ப்பு. அறுத்தால் உள்ளே ஊசித்துளைகள். தண்ணீர் ஓடவேண்டிய பொருளில் அது உதவாது.

செம்பு 1085 டிகிரியில் உருகும், 1150-க்கு மேல் போனால்தான் அச்சுக்குள் ஓடும். அதற்குமேல் சூடேற்றி உட்காரவைத்தால் வாயு ஏறும். காய்ந்த கரித்துண்டால் மேற்பரப்பை மூடுங்கள். கன்மெட்டல் உருக்கிய மூசை வேண்டாம், புதுசு கேளுங்கள். இரும்புக் கம்பியால் கலக்கவிடாதீர்கள். இரும்பு செம்பில் கரையும், கொஞ்சம் கரைந்தாலே வெப்பம் கடத்தும் திறன் விழுந்துவிடும். கிராஃபைட் கம்பி போதும். ஊற்றுவதற்குச் சற்று முன் துளி பாஸ்பர் காப்பர் போட்டால் ஆக்சிஜன் போய்விடும்.

பாஸ்பரஸ் 0.04 சதவீதம் தங்கினாலே கடத்தும் திறன் கால்வாசி அளவுக்குக் குறையும் என்று சொல்லி அதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 மி.மீ. சதுரம், 3 மி.மீ. கனம், 100 வாட் சூடு என்று வைத்துக்கொண்டால், சுத்தச் செம்பில் அடித்தகட்டைக் கடக்க அரை டிகிரி போகிறது. பாஸ்பரஸ் கலந்தால் 0.6. கன்மெட்டலில் 3 டிகிரி பக்கம் போய்விடும், துடுப்புகளும் வேலை செய்யாது. அதனால் அது வேண்டாம். ஆனால் 0.1 டிகிரிக்காகப் பொங்கிய வார்ப்பை வாங்கிக்கொள்வது வீண் வைராக்கியம். கசியாத சுமார் செம்பையே நான் எடுப்பேன். சுவாமிமலைச் சிற்பிகளிடம் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்குதான் பதில்: மெழுகு வார்ப்பில் அவர்களுக்கு ஈடில்லை, ஆனால் சிலைக்குச் சேர்க்கும் கலவை நமக்கு ஆகாது.

ஊற்றும் இடத்தில் சிமெண்ட் தரை கூடாது, காய்ந்த மணல் பரப்பிய தரை வேண்டும். ஈர அச்சில் உருகிய செம்பு பட்டால் வெடித்துத் தெறிக்கும். மழை நாளில் வேலையைத் தள்ளிப் போடுவதே புத்தி.

சீவல் வேலை சுருக்கம்தான். சில்லில் படும் முகத்தைத் தடித்த கண்ணாடி மேல் எமரி பேப்பர் வைத்து 400, 800, 1000 எனத் தேய்த்து, ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பேன். முகம் பார்க்கும் பளபளப்பு தேவையில்லை, மட்டம் தேவை. மூடிக்கு வெப்ப வேலை கிடையாது, பித்தளையோ கன்மெட்டலோ போதும். அலுமினியம் மட்டும் கூடாது. ஒரே தண்ணீரில் செம்போடு சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். ரேடியேட்டர் வாங்கும்போதும் இதைப் பாருங்கள்.

மூடிக்கு நடுவே நைட்ரைல் ஓ-ரிங். 2 மி.மீ. ரிங்குக்குப் பள்ளம் ஒன்றரை மி.மீ. ஆழம். தோல் வாஷரே போதுமே என்று ஊர்ப் பழக்கத்தில் சொல்வார்கள். இந்தியா மார்க் 2 கைப்பம்பில் முன்பு தோல் வாஷர்தான் உழைத்தது, சரி. ஆனால் அது குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர். இங்கே ஓடும் சூட்டில் தோல் இறுகி, சாயமும் டானினும் கரைந்து குழாயில் இறங்கும்.

மாட்டுவதற்கு முன் சைக்கிள் பம்பால் அரை பார் காற்று ஏற்றி, பஞ்சர் கடைத் தொட்டியில் முக்குங்கள். ஒரு குமிழி வந்தாலும் உருக்கப் போட்டுவிடுவேன். எம்-சீல் பூசிச் சமாளித்த பிளாக்குக்குக் கீழே யாருடைய மதர்போர்டையும் வைக்க மனம் வராது.

உள்ளே ஊற்றும் தண்ணீருக்கு எங்கள் ஊரில் தனிக் கவனம் வேண்டும். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போடுகிறார்கள். டேனரியில் ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் கழிவில் இறங்கும். பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்டதற்காகத்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டு, 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்த போர் தண்ணீரின் குளோரைடு செம்பையும் விட்டுவைக்காது. ஆர்.ஓ. கேனும் வேண்டாம். பேட்டரிக் கடையில் பேட்டரித் தண்ணி வாங்கி, டிடிஎஸ் மீட்டரில் பார்த்துவிட்டு, செம்புக்கான அரிப்புத் தடுப்பு மருந்து கலந்து ஊற்றுங்கள். வருடம் ஒருமுறை மாற்றினால் போதும். பச்சை நிறம் தட்டினால் காத்திருக்காதீர்கள்.

வாட்டர் கூலிங் என்றால் ஐஸ் மாதிரி இருக்கும் என்று நம்பும் வாடிக்கையாளரிடம் ஒன்று சொல்லிவிடுவேன்: ரேடியேட்டரில் படும் காற்றைவிடத் தண்ணீர் குளிராது. வெளியே 42 என்றால் தண்ணீர் 50-ஐத் தொடும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. மியூனிக் அருகே லைப்னிட்ஸ் மையத்தில் 2012-ல் நிறுவிய சூப்பர்எம்யூசி என்ற சூப்பர் கம்ப்யூட்டர், 45 டிகிரி வரையிலான வெந்நீரிலேயே குளிர்வதற்காக வடிவமைக்கப்பட்டது. இன்டெல் சில்லுகள் பெரும்பாலும் 100 டிகிரி பக்கம் வந்தால்தான் வேகத்தைக் குறைக்கும். முதலில் தடுமாறுவது பம்புதான், பலவற்றுக்கும் 60 டிகிரிதான் எல்லை. ரேடியேட்டரிலிருந்து திரும்பும் குழாயில் ஒரு சென்சார் மாட்டி, 55-ல் அலாரம் வைத்துவிடுங்கள்.