சென்சாரைப் பிடுங்கினால் கணினி உறைகிறதா?

லால்பேட்டையிலிருந்து ஓர் இளம் பொறியாளர் எழுதியிருக்கிறார். வீராணம் பாசன வாய்க்காலில் நீர்மட்டம் அளக்கும் யுஎஸ்பி சென்சாருக்கு லினக்ஸில் டிரைவர் (கருவியை இயங்குதளத்தோடு இணைக்கும் நிரல்) எழுதுகிறாராம். அளவு சரியாகவே வருகிறது. ஒயரைப் பிடுங்கும்போது மட்டும் சில சமயம் லேப்டாப் அப்படியே உறைந்துவிடுகிறது. இயங்குதளத்தை இரண்டு முறை புதிதாகப் போட்டுப் பார்த்துவிட்டார். இனி ரேமை மாற்றலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். ஒயரைப் பிடுங்கும்போது மட்டும் வரும் கோளாறுக்கு ரேம் காரணமாக இருப்பது அரிது. பணத்தைச் செலவழிக்காதீர்கள், பதறவும் வேண்டாம்.

சாதாரணச் செயலி ஒன்று தவறான நினைவக முகவரியைத் தொட்டால், கர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) அந்தச் செயலியை மட்டும் நிறுத்திவிடும். டிரைவரோ கர்னலுக்குள்ளேயே ஓடுகிறது. அது தவறினால் கணினியே விழக்கூடும். 2024 ஜூலை 19 அன்று நடந்ததும் இதுதான். 20 உள்ளீடுகளே இருந்த இடத்தில், கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் டிரைவர் 21ஆவதைப் படிக்கப் போனது; சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

கர்னல் விழும்போது ‘ஊப்ஸ்’ (பிழை அறிக்கை) ஒன்றை எழுதுகிறது. கணினி உறைந்துவிட்டால் அது டிஸ்க்கில் பதியாமலே போய்விடும். ஆகவே இன்றே சோதனையை லேப்டாப்பிலிருந்து க்யூஎமு (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஒன்றுக்கு மாற்றுங்கள். சென்சாரை அதற்குள் விட்டு, அதன் சீரியல் கன்சோலை (கர்னல் செய்திகள் வெளியேறும் வழி) வெளியே ஒரு கோப்பில் பதியச் செய்யுங்கள். உள்ளே எது விழுந்தாலும் அறிக்கை உங்கள் கையில் இருக்கும்.

முதல் அறிக்கையை மட்டும் நம்புங்கள். ‘டெயின்டட்’ (கர்னல் களங்கப்பட்டது) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘டி’ என்ற எழுத்து இருந்தால், அதற்கு முன்பே ஓர் ஊப்ஸ் வந்துவிட்டது. மேலே போய் அதைத் தேடுங்கள். பிறகு முகவரியைப் பாருங்கள். நிறைய பூஜ்யங்களுக்குப் பின் 18 என்றிருந்தால், பெரும்பாலும் வெற்றுச் சுட்டி (எதையும் காட்டாத பாயிண்டர்). பதினாறடிமானத்தில் 18 என்பது 24. உங்கள் ஸ்ட்ரக்சரில் (தொடர்புள்ள தரவுகளை ஒன்றாக வைக்கும் தொகுப்பு) தொடக்கத்திலிருந்து 24 பைட் தள்ளி எந்த உறுப்பு இருக்கிறதோ, அதைத் தொடும்போது விழுந்திருக்கிறது. கர்னலின் நினைவகப் பிழைகாணும் வசதியை இயக்கியிருந்து, ஏதாவது ரெஜிஸ்டரில் (சிபியுவின் சிறு சேமிப்பிடம்) 6, ‘பி’ என்று மாறி மாறி வந்தால், விடுவித்த நினைவகத்தை யாரோ மறுபடி படித்திருக்கிறார்கள். உங்கள் கோளாறு இந்த இரண்டாவது வகை என்றே எனக்குப் படுகிறது.

சென்சார் அனுப்பும் அளவை வொர்க்கியூவில் (பின்னர் செய்யும் வேலைகளின் வரிசை) போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒயரைப் பிடுங்கியதும் உங்கள் டிஸ்கனெக்ட் ஃபங்ஷன் ஸ்ட்ரக்சரை விடுவித்துவிடுகிறது. வரிசையில் நின்ற வேலை அதன் பிறகு எழுந்து, இல்லாத ஸ்ட்ரக்சரைத் தேடுகிறது. எப்போதாவது மட்டும் விழுவதற்கு அந்த நொடிப்பொழுதின் போட்டியே காரணம்.

இந்த இடத்தில்தான் பலர் குறுக்குவழி தேடுகிறார்கள். நாலு பக்கமும் பிரிண்ட்கே (கர்னல் பதிவுக் கட்டளை) தூவினாலோ சில மில்லிவினாடி தாமதம் சேர்த்தாலோ கோளாறு மறைவதுபோல் தெரியும். மாறியது நேரக்கணக்கு மட்டுமே. வாய்க்கால் கரையில் வைத்த கணினியில் அது திரும்ப வரும். சுட்டி வெற்றா என்று சோதிப்பதும் உதவாது, விடுவித்த சுட்டி வெற்றாகிவிடுவதில்லை.

வரிசையைச் சரிசெய்யுங்கள். முதலில் யுஆர்பி (யுஎஸ்பி தரவுக் கோரிக்கை) மீண்டும் கிளம்பாதபடி ‘யுஎஸ்பி பாய்சன் யுஆர்பி’ கொண்டு முடக்குங்கள். அடுத்து ‘கேன்சல் வொர்க் சிங்க்’ மூலம் ஓடும் வேலை முடியும்வரை காத்திருங்கள். அதன் பிறகே விடுவிப்பு. அளவைப் படிக்கும் செயலி டிரைவரின் கோப்பைத் திறந்தே வைத்திருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். கேரெஃப் (பயன்படுத்துவோர் எண்ணிக்கை) வைத்து, கடைசி ஆள் விட்ட பிறகு ஸ்ட்ரக்சரை விடுவியுங்கள்.

திருத்தியபின் கேசான் (நினைவகத் தவறைக் கண்டுபிடிக்கும் வசதி) சேர்த்த கர்னலை மெய்நிகர் கணினியில் ஓட்டுங்கள். வேகம் குறையும், பரவாயில்லை. தவறாகத் தொட்டது யார், ஒதுக்கியது யார், விடுவித்தது யார் என மூன்றையும் அது தனித்தனியாகச் சொல்லும். செயலி படித்துக்கொண்டிருக்கும்போதே ஒயரை நூறு முறை பிடுங்கிச் செருகுங்கள். அப்போதும் விழுந்தால், முதல் ‘பக்’ வரியிலிருந்து ‘எண்ட் ட்ரேஸ்’ வரை ஒரு வரியும் வெட்டாமல், கர்னல் பதிப்பு எண்ணோடு எனக்கு அனுப்புங்கள்.