நால்வர் சுமந்த படுக்கை



கப்பர்நாகும் ஊரில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள் (அர்ச். மாற்கு, 2-ம் அதிகாரம்). வாசலை மறைத்து நின்றவர்கள் தீயவர்களல்ல. ஆண்டவருடைய போதகத்தைக் கேட்க வந்தவர்களே. ஆயினும் அவர்களால் அவனுக்கு வழி அடைபட்டது. நால்வரும் கூரையைப் பிரித்து அவனை இறக்கினார்கள். ஒருவர் கைவிட்டிருந்தாலும் படுக்கை சாய்ந்திருக்கும்.

காது கேளாத, கண் தெரியாத, அறிவு வளர்ச்சி மெதுவான பிள்ளைகளின் படிப்பும் இப்படிப்பட்டதே. அதையும் நால்வர் சேர்ந்து சுமக்க வேண்டும்.

முதலாவது, பெற்றோர். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இது இவன் பாவமோ, பெற்றோர் பாவமோ என்று கேட்டபோது, இரண்டுமல்ல என்றார் நமதாண்டவர் (அர்ச். அருளப்பர், 9-ம் அதிகாரம்). ஆகையால் வெட்கப்பட்டுப் பிள்ளையை வீட்டினுள் மறைத்து வைப்பது தகாது. நமது நாட்டின் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைக்கு, 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமையுண்டு. பிள்ளைக்கு எது புரியும், எது அச்சமூட்டும் என்பதை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதை உங்களைவிட அறிந்தவர் இல்லை.

இரண்டாவது, ஆசிரியர். 18-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் காது கேளாதோருக்குப் பள்ளி நடத்திய தெ லெப்பே என்னும் குருவானவர், அப்பிள்ளைகளிடமிருந்தே சைகைகளைக் கற்று, அவற்றைக் கொண்டே போதித்தார். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாமல், பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

மூன்றாவது, உடன் படிக்கும் பிள்ளைகள். பட்டப்பெயர் சொல்லாதிருந்தால் மட்டும் போதாது. கண் மங்கிய தோழனுக்குப் பலகையில் உள்ளதை வாசித்துச் சொல்லுங்கள், விளையாட்டிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பங்கு. உடலிலோ மனதிலோ குறையுள்ளோருக்கும், அவர்கள் நிலைமை இடங்கொடுக்கும் மட்டும், ஞானோபதேசம் கிடைக்கும்படி பங்குக் குரு கவனிக்க வேண்டுமென்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 777) கட்டளையிடுகிறது. ஆதலால் புதுநன்மை வகுப்பில் இப்பிள்ளைகளுக்கு இடமில்லை என்று ஒருவரும் சொல்லக் கூடாது.

இவ்வாரத் தீர்மானம்: பள்ளிக்கும் ஞானோபதேசத்துக்கும் வராத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ஞாயிறு பூசைக்குப் பின் அழைத்து வாருங்கள். அண்டை வீட்டில் இருந்தால், அப்பெற்றோரிடம் அன்பாய்ப் பேசி, துணையாக வாருங்கள். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்பதை ஆசிரியரோடு சேர்ந்து யோசிப்போம்.