பெயர்ப்பலகைக்கு ஏற்ற மரம்

நுழையுமுன்

தில்லி மந்திர் மார்க்கில் 1939-ஆம் ஆண்டு காந்தியடிகள் திறந்துவைத்த இலட்சுமி நாராயணர் கோவில் உள்ளது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இச்சாலையில்தான் உள்ளது. இங்கு வெயிலையும் மழையையும் தாங்கி நிற்குமாறு ஒரு தமிழ்ப் பெயர்ப்பலகையை மரத்தில் செதுக்க விரும்பினால், எந்த மரத்தைத் தேர்ந்தெடுப்போம்?

புள்ளியும் பொருளும்

‘பல் மருத்துவர்’ என்னும் பலகையில் ஒரு புள்ளி பெயர்ந்து விழுந்தால், அது ‘பல மருத்துவர்’ ஆகிவிடும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். எனினும், ஓலைச்சுவடிகளிலும் பல கல்வெட்டுகளிலும் புள்ளி இடப்படவில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியக்கூடும். எனவே படிப்பவரே இடமறிந்து புள்ளியைச் சேர்த்துப் படித்தனர். எழுதப்படும் பொருள் எழுத்தையே மாற்றும் என்பதை இதனால் அறிகிறோம். மரத்திற்கும் இது பொருந்தும்.

காழும் வெளிறும்

உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. வேங்கை, தேக்கு முதலியன மரம். பனை, மூங்கில் முதலியன புல். வயிரத்தைக் ‘காழ்’ என்பர். அதைச் சூழ்ந்துள்ள வெளிர்நிறப் பகுதி ‘வெளிறு’. வெளிற்றில் மாவுப்பொருள் மிகுதி. ஆதலால் வண்டும் பூஞ்சையும் அதனை எளிதில் அழிக்கும். பலகை வாங்குவோர் முதலில் காண வேண்டியது மரத்தின் பெயரை அன்று. அப்பலகை முழுவதும் காழ்தானா என்பதையே.

தில்லியின் தட்பவெப்பம்

மே, சூன் மாதங்களில் இந்நகரில் வறண்ட காற்று வீசும். வெப்பம் 45 பாகை செல்சியசைத் தொடுவதும் உண்டு. ஆகத்து மாதத்தில் காற்றில் ஈரம் மிகும். மரம் ஈரத்தை ஏற்கும்போது விரியும், இழக்கும்போது சுருங்கும். நீளவாக்கில் இம்மாற்றம் மிகச் சிறிது, அகலவாக்கிலேயே மிகுதி. அதிலும், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு ஆகும். நன்கு உலராத பலகை வெடிப்பதும் வளைவதும் இதனாலேயே. வெடிப்பு எழுத்தின் ஊடே சென்றால் சொல்லே சிதையும்.

எம்மரம் எவ்விடத்திற்கு?

தேக்கு: இயற்கையான எண்ணெய்ப் பசை உடையது, கறையானை எதிர்க்கும், விரிவும் சுருக்கமும் குறைவு. வெளியிடத்திற்கு மிக ஏற்றது. ஆனால், விலை மிகுதி. உளியின் முனையையும் விரைவில் மழுக்கும்.

சீசம்: தமிழகத்தின் ஈட்டி மரத்திற்கு உறவானது, வடநாட்டில் எளிதில் கிடைப்பது. சகாரன்பூர்ச் சிற்பிகள் இதனையே பெரிதும் கையாள்கின்றனர். கடினமான மரமாதலால் நுண்ணிய விளிம்புகளும் நிலைத்து நிற்கும். செதுக்குவோர்க்கு உழைப்பு மிகுதி.

வேம்பு, மா: பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர்ச் சிற்பிகள் கையாளும் மரங்களுள் இவையும் அடங்கும். விலை குறைவு. மாமரத்தை வண்டு துளைக்கும். எனவே அது வகுப்பறை போன்ற உள்ளிடங்களுக்கே தகும்.

ஒட்டுப்பலகை: மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்வது. செதுக்கினால் அடுக்குகள் வெளிப்பட்டுப் பிசிறு எழும். வண்ணம் தீட்டி எழுத ஏற்றது, செதுக்க ஏற்றதன்று.

எழுத்தும் இழையும்

தமிழெழுத்துகள் வளைவும் சுழியும் மிக்கவை. ‘ண’கரத்தின் சுழிகளைச் செதுக்கும் உளி, ஓரிடத்தில் மர இழையோடு செல்லும்; அடுத்த நொடியே இழையைக் குறுக்கே வெட்டும். அவ்விடத்தில் இழை குறுகிச் சில்லாகப் பெயரும். புடைப்பாகச் செதுக்கிய புள்ளி, சுற்றிலும் பிடிப்பின்றித் தனித்து நிற்பதால் எளிதில் உதிரும். குழிவாகச் செதுக்கிய புள்ளியோ உதிர்வதற்கு இடமில்லை. ஆதலால் சிறிய எழுத்துகளைக் குழிவாகச் செதுக்குவதே நன்று. பலகையின் முன்புறம் மட்டுமன்றிப் பின்புறமும் எண்ணெயோ வண்ணமோ பூச வேண்டும். ஒருபுறம் மட்டும் பூசினால் இருபுறமும் ஈரத்தைச் சமமாக ஏற்காது, பலகை வளையும்.

மந்திர் மார்க்கிற்கு அருகில் உள்ள பஞ்ச்குயியான் சாலையில் மரச்சாமான் கடைகள் வரிசையாக உள்ளன. அங்குச் செல்லும்போது, “எந்த மரம் சிறந்தது?” என்று மட்டும் கேளாதீர்கள். “எங்கே மாட்டப்போகிறோம்? எவ்வளவு பெரிய எழுத்து?” என்று முதலில் உங்களையே கேளுங்கள். விடை அதிலேயே உள்ளது.

சொற்பொருள்

காழ் – வயிரம். வெளிறு – வயிரமற்ற பகுதி. இழை – மரத்தின் நார் ஓட்டம். புடைப்பு – மேலெழுந்து நிற்பது. பாகை – வெப்ப அளவின் அலகு.

பயிற்சி

1. மரம், புல் ஆகியவற்றைத் தொல்காப்பியம் எவ்வாறு வேறுபடுத்துகிறது?
2. பலகையின் இருபுறமும் வண்ணம் பூசுவது ஏன்?
3. கல், எண், பல், சில் – இவற்றுள் புள்ளி நீங்கினாலும் பொருள் தரும் சொற்கள் யாவை?
4. உங்கள் பள்ளி நூலகத்தின் உள்ளே மாட்டும் பலகைக்கும் நுழைவாயிற் பலகைக்கும் ஒரே மரத்தைத் தேர்வீர்களா? காரணம் காட்டி எழுதுக.