உணவு வழிகாட்டிக்கான சான்று மீளாய்வு: கேழ்வரகை முன்வைத்து ஒரு செயல்முறை

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியின் திருத்திய பதிப்பை 17 பரிந்துரைகளுடன் 2024 மே மாதத்தில் வெளியிட்டது. இத்தகைய பரிந்துரைகளுக்கு அடித்தளமாக அமைய வேண்டியது முறைசார் மீளாய்வு. ஒரு கேள்விக்கு விடைதரும் ஆய்வுகள் அனைத்தையும் முன்கூட்டியே வகுத்த விதிகளின்படி தேடி, தரம் பிரித்து, தொகுத்து முடிவுரைப்பதே அம்முறை. ராகி சங்கட்டி என்னும் கேழ்வரகுக் களி வழக்கமான உணவாக விளங்கும் ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்குப் பொருந்தும் ஒரு கேள்வியைக் கொண்டு அதன் படிகள் இங்கு விளக்கப்படுகின்றன.

1. கேள்வியை வரையறுத்தல்

'கேழ்வரகு நீரிழிவுக்கு நல்லதா?' என்ற கேள்வி மீளாய்வுக்குப் போதாது. உண்பவர் யார், உண்பது எது, எதனோடு ஒப்பீடு, அளக்கப்படும் விளைவு என்ன என்னும் நான்கு கூறுகளும் அதில் தெளிவாக வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவுள்ள பெரியவர்கள் தீட்டிய அரிசிச் சோற்றுக்கு மாற்றாகக் கேழ்வரகு உணவை மூன்று மாதமாவது உண்டால், அக்காலத்துச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு குறைகிறதா என்று கேட்பதே ஆய்வுக்குரிய வடிவமாகும்.

2. செயல்திட்டத்தைப் பதிவுசெய்தல்

எவ்வகை ஆய்வுகள் சேரும், எவை விலகும், முடிவுகள் எவ்வாறு தொகுக்கப்படும் என்பவற்றைத் தேடலுக்கு முன்பே எழுதி, 2011 முதல் இயங்கும் பிராஸ்பெரோ என்னும் பன்னாட்டுப் பதிவேட்டில் பதிவுசெய்ய வேண்டும். முடிவைக் கண்டபின் விதியை வளைக்கும் வாய்ப்பை இது அடைப்பதோடு, குழுவினருக்கு உணவு நிறுவனங்களோடுள்ள பணத்தொடர்புகளை வெளிப்படுத்தவும் ஏற்ற கட்டமாகும்.

3. தேடல்

பப்மெட், காக்ரேன் நூலகம் ஆகிய தரவுத்தளங்களோடு நிறுத்திவிட்டால் இந்திய ஆய்வுகள் பல விடுபடும். ஆகவே பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்துள்ள ஷோத்கங்காவையும், 2007இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டையும் தேட வேண்டும். ராகி, மண்டுவா, பிங்கர் மில்லட் ஆகிய வழக்குப் பெயர்களும் எலூசின் கொராகானா என்னும் தாவரவியல் பெயரும் தேடுசொற்களில் இடம்பெற வேண்டும்.

4. தெரிவும் தரவெடுப்பும்

இருவர் ஒருவரையொருவர் கலக்காமல் ஆய்வுகளைத் தெரிவுசெய்து, கருத்து வேறுபடும் இடத்தில் மூன்றாமவரின் தீர்ப்பை நாடுவது நெறி. எத்தனை ஆய்வுகள் கிடைத்தன, எவை எக்காரணத்தால் விலக்கப்பட்டன என்பதைப் பிரிஸ்மா எனப்படும் ஓட்டப்படத்தில் காட்ட வேண்டும். உணவு களியா, கூழா, மால்ட்டா என்பதும் உண்ட அளவும் குறிக்கப்பட வேண்டும்; அரைப்பும் சமையலும் மாறினால் மாவுச்சத்து செரிக்கும் வேகமும் மாறும்.

5. சார்பை மதிப்பிடுதல்

மாத்திரையைப் போல உணவை மறைத்துக் கொடுக்க இயலாது. தாம் உண்பது இன்னதென அறிந்தவர் பிற பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளக்கூடும் என்பதால், குழுக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனவா, இடையில் விலகியோர் எத்தனை பேர், உண்டது நினைவிலிருந்து சொல்லப்பட்டதா, அளந்து பதியப்பட்டதா என்பவை ஆய்வுதோறும் சரிபார்க்கப்பட வேண்டும்.

6. தொகுத்தல்

ஒத்த ஆய்வுகளின் எண்களைப் புள்ளியியல் வழியில் இணைப்பது மெட்டா பகுப்பாய்வு எனப்படும். பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட்டின் தலைமையில் 2021இல் வெளியான மீளாய்வு, 11 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, சிறுதானியங்களை அன்றாடம் உண்ட நீரிழிவாளரின் இரத்தச் சர்க்கரை 12 முதல் 15 விழுக்காடு வரை குறைந்ததாகக் கண்டது. அது பலவகைச் சிறுதானியங்களைத் தழுவியதாகையால், கேழ்வரகு பற்றிய கேள்விக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்தாளக் கூடாது. கேழ்வரகுத் தரவைப் பிரித்தே பார்க்க வேண்டும்.

7. உறுதிநிலையைத் தரப்படுத்தல்

கிரேட் என்னும் முறை சான்றின் உறுதியை உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என நான்காகப் பிரிக்கிறது. குலுக்கல் சோதனைகள் உயர்விலும் கண்காணிப்பு ஆய்வுகள் குறைவிலும் தொடங்க, சார்பு, முரண்பாடு, நேரடித் தொடர்பின்மை, துல்லியமின்மை, சாதகமான முடிவுகள் மட்டும் அச்சேறுதல் ஆகிய ஐந்து குறைகளால் தரம் இறங்கும்.

8. சான்றிலிருந்து பரிந்துரைக்கு

நன்மை தெளிவானாலும் விலை, கிடைப்பு, சமைக்கும் நேரம், சிறுநீரக நோயாளர் போன்றோருக்கு நேரக்கூடிய தீங்கு ஆகியவற்றை எடைபோட்ட பின்னரே பரிந்துரை உருப்பெற வேண்டும். ஆந்திர அரசு 2023 மார்ச்சில் பள்ளி மதிய உணவில் ராகி ஜாவா என்னும் கேழ்வரகுக் கஞ்சியைச் சேர்த்தது, பெரிய அளவில் அதை வழங்க இயலும் என்பதற்கான சான்றே தவிர, நீரிழிவு குறையும் என்பதற்கான சான்று அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது வழிகாட்டிகளின் நம்பகத்தைக் கெடுக்கும்.

9. புதுப்பித்தல்

இந்திய வழிகாட்டி 1998, 2011, 2024 ஆகிய ஆண்டுகளில், அதாவது 13 ஆண்டு இடைவெளிகளில் வெளியாகியுள்ளது. அவ்விடைவெளியில் புதிய ஆய்வுகள் சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், தேடலை அவ்வப்போது மீண்டும் நடத்துவதற்கான காலவரையறையும் செயல்திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். சான்றின் உறுதிநிலையை வெளிப்படையாகக் கூறாத பரிந்துரை, எவ்வளவு பயனுடையதாகத் தோன்றினாலும், தேசிய வழிகாட்டியில் இடம்பெறத் தகுதியற்றது.