பிரேக் பிடித்தால் வண்டி நடுங்குகிறதா?

மொத்த மார்க்கெட்டிலிருந்து மூட்டை ஏற்றி வரவும், வாடிக்கையாளர் வீடுகளுக்குச் சரக்கு அனுப்பவும் நம்மில் பலர் சொந்தமாகச் சிறு சரக்கு வண்டியோ வேனோ வைத்திருக்கிறோம். ஒழுங்காக ஓடுகிற வண்டி, பிரேக்கை மிதித்ததும் நடுங்கினால் என்ன செய்வது? "நிற்கத்தானே செய்கிறது, பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவோர் உண்டு. பயந்துபோய், தேவையில்லாத சாமான்களையெல்லாம் மாற்றிப் பணத்தை விடுவோரும் உண்டு. இரண்டுமே நஷ்டம்தான். பட்டறைக்குப் போகுமுன் கோளாறு எங்கே என்று நாமே ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

எங்கே நடுங்குகிறது?

இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும், பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் இருக்கும்.

1. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடினால், முன்பக்க டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும்.

2. ஸ்டியரிங் ஆடாமல் இருக்கையும் பாடியும் அதிர்ந்தால், பின் டிரம்மைப் பார்க்க வேண்டும். கைப்பிரேக் பின் டிரம்மில் பிடிக்கும் வண்டிகளில் இதைச் சோதிக்கலாம். ஆளில்லாத, ஈரமில்லாத சமதரையில், காலி வண்டியைச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் ஓட்டி, கைப்பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே மெல்ல இழுக்க வேண்டும். அப்போதும் அதிர்ந்தால் கோளாறு பின்பக்கம்.

3. பிரேக் பிடிக்காதபோதும் குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கினால், டயரையும் வீல் பாலன்சிங்கையும் முதலில் பார்க்கவும்.

4. ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் திடீரென அழுத்திப் பிடிக்கும்போது மட்டும் பெடல் துடிப்பது இயல்பு. அது கோளாறு அல்ல.

காரணம் என்ன?

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்றே பட்டறைகளில் சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் போவதே முக்கியக் காரணம். 0.02 மி.மீ. அளவு வேறுபாடு, அதாவது தலைமுடிக் கனத்தில் பாதிக்கும் குறைவானதுகூட, நடுக்கத்தைத் தரக்கூடும்.

இந்த வேறுபாடு எப்படி வருகிறது? டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துருவோ அழுக்கோ இருந்தால் டிஸ்க் சற்றுச் சாய்ந்து உட்காரும். சக்கர நட்டுகளைத் தாறுமாறாக முறுக்கினாலும் அப்படியே. சாய்ந்த டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடில் உரசும்; அந்த இடம் மட்டும் தேயும். சில ஆயிரம் கி.மீ. கழித்துத்தான் நடுக்கம் தெரியும். பஞ்சர் போட்டபோது நேர்ந்த தவறு மாதங்கள் கழித்து வெளிப்படுவது இதனால்தான்.

காலிப்பர் பின் இறுகிப்போவது, வீல் பேரிங் லூசாவது, மூட்டுகளும் புஷ்களும் தேய்வது ஆகியவையும் காரணமாகலாம், அல்லது நடுக்கத்தை அதிகமாக்கலாம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

டிஸ்க்கை மாற்றச் சொல்லுமுன் பேரிங், மூட்டுகள், காலிப்பர் பின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தையும், மைக்ரோமீட்டரால் பல இடங்களில் கனத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அனுமதிக்கப்படும் ஆட்டம் வண்டிக்கு வண்டி மாறும், பொதுவாக 0.1 மி.மீ.க்குள்தான் இருக்கும்.

கனம் போதுமானதாக இருந்தால் டிஸ்க்கைக் கடைந்து சீராக்கலாம். குறைந்தபட்சக் கனம் பெரும்பாலான டிஸ்க்குகளில் பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்தபின் அதற்குக் கீழே போகுமானால் மாற்றுவதே வழி. மாற்றினால் இடம், வலம் இரண்டையும், பேடுகளுடன் சேர்த்து மாற்ற வேண்டும். டிரம் நீள்வட்டமாகியிருந்தால் அதையும் அளவுக்கு உட்பட்டுக் கடையலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஹப் முகத்தைத் துருப் போகச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க் போட்டால், அதே நடுக்கம் திரும்ப வரும், செலவும் இரட்டிப்பாகும். இந்த வேலையை நேரில் நின்று பார்ப்பது நல்லது. நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சு கொண்டு முறுக்கச் சொல்ல வேண்டும்.

வராமல் காக்க

* புதுப் பேடு போட்ட முதல் 200 கி.மீ. வரை, அவசரம் தவிரக் கடுமையாகப் பிரேக் பிடிக்க வேண்டாம்.
* கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற இறக்கங்களில் பிரேக்கை மிதித்தபடியே வரக்கூடாது. குறைந்த கியரில் இறங்க வேண்டும்.
* பிரேக் சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது.
* அளவுக்கு மேல் மூட்டை ஏற்றினால் பிரேக் கூடுதலாகச் சூடாகும். 2019 சட்டத் திருத்தப்படி அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. ஒரு நடைக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் இதைக் கொடுப்பது கணக்குக்கு ஒத்துவராது.

பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பெடல் பஞ்சுபோல அமிழ்ந்தாலோ, இரும்பு உரசும் சத்தம் வந்தாலோ அன்றைய நடையை நிறுத்திவிடுங்கள். நடுக்கத்தை முதலில் உணர்பவர் கல்லாவில் இருக்கும் நாம் அல்ல, வண்டி ஓட்டும் பையன்தான். "அண்ணாச்சி, பிரேக் சரியில்லை" என்று அவன் சொன்னால், சரக்கு ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை என்று வண்டியைப் பட்டறைக்கு அனுப்புவது நம் கடமை.