மன்னிக்கும் வலிமை எங்கிருந்து வருகிறது?

தீங்கிழைத்தவரை மன்னித்துவிடு என்று சொல்வது எளிது. ஆனால் அவ்வாறு சொல்பவர் பெரும்பாலும் அடிபட்டவராக இருப்பதில்லை. அதனால்தான் அந்த அறிவுரை புண்பட்ட நெஞ்சில் இரண்டாவது அடியாக விழுந்துவிடுகிறது. கிறிஸ்தவ சமயம் மன்னிப்பை விருப்பமுள்ளோர் கொள்ளும் நற்குணமாக வைக்கவில்லை, கடமையாகவே வைத்துள்ளது. அப்படியானால் மன்னிக்க இயலாத நிலையில் இருப்பவனுக்கு அது தரும் துணை யாது? இவ்வினா ஆராயத்தக்கது.

இயேசு சீடர்களுக்குக் கற்பித்த பிரார்த்தனையில், மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலம் பாவத்தைக் 'கடன்' என்ற சொல்லால் குறிக்கிறது. மன்னித்தல் என்பதற்கு அங்கு வரும் வினைச்சொல்லுக்கு 'விட்டுவிடுதல், போகவிடுதல்' என்பது பொருள். பழைய தமிழ் விவிலியத்திலும் 'கடன்' என்ற சொல்லே காணப்படுகிறது. இச்சொல் தற்செயலானதன்று. கடன் ஒன்று உண்டு என்று ஏற்றுக்கொண்டவனே அதை விட்டுக்கொடுக்க முடியும். "பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, போகட்டும்" என்று சொல்பவன் மன்னிக்கவில்லை. கணக்கைத் திறந்து பார்க்க அஞ்சுகிறான், அவ்வளவே. நடந்தது அநீதி என்று முழுமையாகச் சொல்லும் உரிமையை மன்னிப்பு பறிப்பதில்லை. அது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதே நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் ஓர் உவமை வருகிறது. அரசன் ஒருவன் தன் பணியாளனுக்குப் பத்தாயிரம் தாலந்துக் கடனைத் தள்ளுபடி செய்கிறான். வெளியே வந்த பணியாளன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய சக பணியாளனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் தெனாரியம். அதாவது அவன் பெற்றது ஆறு கோடி நாள் கூலி. விட மறுத்தது நூறு நாள் கூலி. நூறு நாள் கூலி அற்பத் தொகையன்று என்பதையும் கவனிக்க வேண்டும். நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு சிறியது என்று உவமை சொல்லவில்லை. பெற்றதை நினைத்தவனுக்குக் கொடுப்பதற்குரிய முதல் கையில் இருக்கிறது என்பதே அதன் கருத்து.

மற்றோர் இடம் இன்னும் ஆழமானது. லூக்கா நற்செய்தியில், சிலுவையில் தொங்கும் இயேசு தம்மைக் கொல்வோரை நோக்கி 'உங்களை மன்னிக்கிறேன்' என்று கூறவில்லை. அவர்களை மன்னிக்குமாறு தந்தையிடம் வேண்டுகிறார். இந்த வேறுபாடு சொல்லளவினதன்று என்று கருதுகிறேன். துன்பத்தின் உச்சியில் இருப்பவர் தம் உள்ளத்திலிருந்து கனிந்த உணர்ச்சியைப் பிழிந்தெடுக்க வேண்டியதில்லை. கணக்கைத் தம் கையிலிருந்து எடுத்து இறைவனின் கையில் வைத்தால் போதும். வெறுப்பு இன்னும் தணியவில்லை, ஆனால் இவ்வழக்கின் நீதிபதி நான் அல்லேன் என்று சொல்ல முடிந்தவன் ஏற்கெனவே மன்னிப்பின் வாயிலில் நிற்கிறான். எஞ்சியவை பின்னர் வரலாம். வர ஆண்டுகளும் ஆகலாம்.

அப்படி ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஒரு மன்னிப்பு நம் நாட்டிலேயே நிகழ்ந்தது.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலுள்ள புல்லுவழி என்ற ஊரில் 1954-இல் பிறந்தவர் சகோதரி ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபைத் துறவியான அவர், மத்தியப் பிரதேசத்தின் உதயநகர்ப் பகுதியில் நிலமற்ற பழங்குடி மக்களிடையே பணியாற்றினார். அவர்களைச் சேமிக்கப் பழக்கினார். அரசு உதவிகளைப் பெற வழிகாட்டினார். வட்டிக்குக் கொடுத்து அவர்களைப் பிடியில் வைத்திருந்தோருக்கு இது பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் செல்லும் பேருந்தில், சக பயணிகளின் கண்ணெதிரே, ஓர் இளைஞன் அவரைக் கத்தியால் பலமுறை குத்திக் கொன்றான். அப்போது அவருக்கு வயது 41. பிறர் தூண்டுதலால் செய்த அக்கொலைக்காக அந்த இளைஞனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் பெயர் பலமுறை அச்சேறியதுதான். எனினும் திருந்தி வாழும் ஒருவரின் பெயரை மறுபடியும் கொலையோடு சேர்த்து எழுத மனம் வரவில்லை.

சிறையில் அவருடைய உள்ளம் பழிவாங்கும் எண்ணத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது. தூண்டிவிட்டவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்ற கோபம் வேறு. சுவாமி சதானந்த் என்று அழைக்கப்பட்ட கத்தோலிக்கத் துறவி ஒருவர் அவரைத் தொடர்ந்து சந்தித்துப் பேசினார். 2002 ஆகஸ்டில், ரக்ஷாபந்தனையொட்டி, ராணி மரியாவின் தங்கையும் அதே சபையின் துறவியுமான செல்மி பால் சிறைக்குச் சென்று அந்தக் கையில் ராக்கி கட்டினார். கொலை நடந்து ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. மலையாளக் கிறிஸ்தவப் பெண் ஒருவர் வடநாட்டு வழக்கம் ஒன்றைத் தம் மன்னிப்பின் மொழியாக்கிக்கொண்டார். சகோதரி கட்டும் நூல், உடன்பிறந்தாளைக் கொன்ற கையில் ஏறியது.

இங்கு ஓர் ஐயம் எழும். கொல்லப்பட்டவருக்கு இழைத்த அநீதியைத் தங்கை எவ்வாறு மன்னிக்க முடியும்? முடியாதுதான். அவர் விட்டது தமக்குரிய கடனை. தமக்கையை இழந்த துயரின் கடனை. இறந்தவரின் கணக்கைத் தீர்க்கும் உரிமை எவருக்கும் இல்லை. அதனால்தான் நாம் மேலே கண்ட அந்த ஒப்படைப்பு இன்றியமையாததாகிறது.

நீதிமன்றத்தின் கணக்கும் வேறு. குடும்பத்தினர் மன்னித்ததால் தண்டனை பொய்யாகிவிடவில்லை. அவர் ஏறத்தாழ 11 ஆண்டுகள் சிறையில் இருந்தார். பின்னர் குடும்பத்தினரும் திருச்சபையினரும் அவரது விடுதலைக்காக வேண்டினர். 2006-இல் அவர் வெளியே வந்தார். தன்னை அடிப்பவனிடமே திரும்பிச் செல்லுமாறு ஒருத்தியிடம் மன்னிப்பின் பெயரால் சொல்வோர் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். கடனை விடுவதற்கும் கதவைத் திறந்து வைப்பதற்கும் வேறுபாடு உண்டு.

2007-இல் அவர் புல்லுவழிக்குச் சென்றார். ராணி மரியாவின் தாய் எலீஸ்வா அவருடைய கைகளைப் பற்றி முத்தமிட்டார். தம் மகளின் இரத்தம் பட்ட கைகள் என்பதே அதற்கு அத்தாய் கூறிய காரணம். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டபோது, அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார்.